நார்மல் என்று வந்த பிறகு

சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்த்தவன் எங்கள் ஆலையில் நான் ஒருவன்தான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கட்டடக் கம்பி உருட்டும் ஆலை அது. உலையிலிருந்து சிவக்கச் சிவக்க வெளியே வரும் இரும்பு, உருளைகளுக்கு நடுவே ஓடி ஓடி மெலிந்து கம்பியாகும். தரையில் நிற்பவர்களுக்கே சட்டை முதுகோடு ஒட்டிப்போகும். நான் இருந்தது அதற்கும் மேலே, கூரையை ஒட்டித் தண்டவாளத்தில் ஓடும் கிரேனின் கேபினில். கீழே இருக்கும் வெக்கையெல்லாம் ஏறி வந்து தங்குகிற இடம் அது. அங்கே உட்கார்ந்துகொண்டு நான் குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டிருந்தேன்.

"இன்னா நைனா, மேல மழை கிழை பேஞ்சிக்கினு கீதா?" என்று ஏணியடியில் ஒருநாள் கேட்டார் எனக்குச் சிக்னல் காட்டுகிறவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கிரேன் ஓட்டுகிறவனுக்குக் கீழே எப்போதும் ஒரு ஆள் உண்டு. கட்டிவைத்த கம்பிகளில் சங்கிலியை மாட்டிவிட்டு, தூக்கு, நகர்த்து, இறக்கு, நிறுத்து என்று கையால் காட்டுவார். ஆலை இரைச்சலில் குரல் எடுபடாது. இவர் என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். ஆந்திர எல்லையோரத்துக் கிராமத்திலிருந்து டூவீலரில் வருவார். ஊரில் கொஞ்சம் நெல் நிலம், நடவு அறுப்பு சமயத்தில் மட்டும் லீவு. பல வருஷமாக எனக்குச் சிக்னல் காட்டியவர் அவர்தான். ஒரு நாளில் நாங்கள் பேசிக்கொள்வது பத்து வார்த்தை இருக்காது. ஆனாலும் அவருடைய கையை நான் பார்த்த அளவுக்கு என் மனைவியின் முகத்தைப் பார்த்திருப்பேனா என்பது சந்தேகம்.

மனைவியும் மகளும் திருவள்ளூரில் இருந்தார்கள். கோர்ட்டுக்குப் பக்கத்தில் டைப் அடித்துத் தரும் கடையில் மனைவிக்கு வேலை. மகள் அங்கேயே பள்ளிக்கூடம் போனாள். இரண்டையும் விட்டுவிட்டு அவர்கள் என்னோடு வர முடியாது. நான் புதுவாயலில், நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் ஒற்றை அறை எடுத்திருந்தேன். வார லீவுக்குப் பெரியபாளையத்தில் பஸ் மாறி வீட்டுக்குப் போவேன். மற்ற நாட்களில் நாங்கள் மூவரும் போனில்தான் குடும்பம் நடத்தினோம்.

அதனால்தானோ என்னவோ, என் நோயை மனைவி காதால் கண்டுபிடித்தாள்.

"குரல் இன்னா இப்புடி கீது? சளி புடிச்சிருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அடுத்த வாரமும் கேட்டாள். அதற்கடுத்த வாரம், "வேற யாரோ பேசற மாதிரி கீதுங்க. போய்க் காட்டுங்க" என்றாள். எனக்கும் தெரிந்துதான் இருந்தது. முகம் காலையில் உப்பியிருந்தது. ஷூவுக்குள் கால் நுழைய மறுத்தது. புருவத்தின் வெளி ஓரத்தில் முடி உதிர்ந்து, கண்ணாடியில் பார்க்கும்போது யாரோ ரப்பரால் அழித்துவிட்டதுபோல் இருந்தது. கிரேன் ஏணியில் பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினேன். வயது என்று நினைத்துக்கொண்டேன். நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தேன்.

தொழிற்பேட்டைப் பக்கத்து கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு சரியாகச் சுரக்கவில்லை, நன்றாகவே குறைந்திருக்கிறது என்றார் டாக்டர். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, ஆயுசுக்கும்.

ரிப்போர்ட்டைக் காட்டப் போன நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் பெண்கள். நர்ஸ் சீட்டைப் பார்த்துவிட்டு என்னிடம், "தைராய்டு பேஷண்ட் எங்க? ஊட்டுக்காரம்மாவைக் கூட்டினு வந்துக்கீறீங்களா?" என்று கேட்டார்.

"நான்தான்மா."

அவர் சீட்டை மறுபடி பார்த்தார். பெஞ்சில் ஒரு அம்மாள் கால்களை நகர்த்தி எனக்கு இடம் விட்டாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆலையில் அப்படி இல்லை. "அது பொம்பளைங்களுக்கு வர்றது ஆச்சே" என்றார்கள். ஒருத்தன் என் வயிற்றைப் பார்த்து எத்தனையாவது மாசம் என்றான். அதற்குப் பிறகு யாராவது கேட்டால் பிரஷர் மாத்திரை என்று சொல்லிவிடுவேன்.

மாத்திரை வேலை செய்தது. அதைச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். இரண்டு மூன்று மாதத்தில் முகத்து வீக்கம் வடிந்தது. ஷூ நுழைந்தது. குரல் திரும்பி வந்ததை மனைவிதான் முதலில் சொன்னாள். "இப்பதான் நீங்க பேசறீங்க" என்றாள். அந்த வாரம் வீட்டுக்குப் போனபோது மகளுக்கும் அவளுக்கும் பிரியாணி வாங்கிக்கொண்டு போனேன். மறுபடி ரத்தம் எடுத்தபோது எல்லா எண்ணும் கோட்டுக்குள் வந்திருந்தது. டாக்டர் தாளின் ஓரத்தில் ஒரு டிக் போட்டார்.

"நார்மல். சந்தோஷமாப் போங்க" என்றார்.

"சார், குளிர் இன்னும் இருக்குது. அசதியும் போகல. காலையில எழுந்திருக்கவே முடியல."

"ஷிப்ட் வேலை. வயசும் ஆகுது இல்ல? கொஞ்சம் வாக்கிங் போங்க, வெயிட்டைக் குறைங்க. டென்ஷன் ஆகாதீங்க."

நான் எழுந்து வந்துவிட்டேன். அவர் சொன்னதில் தப்பு இருப்பதாக அப்போது தோன்றவில்லை. நார்மல் என்றால் நார்மல்தானே. இன்னும் கொஞ்ச நாளில் உடம்பும் அந்தத் தாளைப் போல் ஆகிவிடும் என்று காத்திருந்தேன்.

ஆகவில்லை. வீக்கமும் குரலும் சரியானதோடு முன்னேற்றம் நின்றுவிட்டது. காலையில் கண் விழிக்கும்போதே ஒரு ஷிப்ட் முடித்துவிட்டு வந்து படுத்தவனைப் போல் இருந்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருப்பேன். ஆடுசதையில் திடீரென்று குரக்களி பிடித்து இழுக்கும். கை விரல்கள் பைப் தண்ணீரில் ஊறியதைப் போல் சில்லென்று இருக்கும். அதைவிட மோசம் வார்த்தை மறப்பது. கடையில் நின்று, எதிரே இருக்கும் பொருளைப் பார்த்துக்கொண்டே, அதன் பெயர் வராமல் விரலைக் காட்டி வாங்கியிருக்கிறேன். சீப்பு அது. சீப்பு என்ற சொல் வர மாடி ஏறி அறைக்கு வர வேண்டியிருந்தது.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது? ஜுரம் என்றால் தொட்டுப் பார்ப்பார்கள். கட்டுப் போட்ட கால் என்றால் பார்த்ததுமே விலகி வழி விடுவார்கள். என்னைப் பார்த்தால் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தவன் போலத்தான் இருப்பேன். எடை வேறு கூடியிருந்தது.

மனைவியிடம் சொன்னேன். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது தடவை சொன்னபோது அவள் கடையில் இருந்தாள். பின்னால் டைப் அடிக்கும் சத்தம் கேட்டது.

"நார்மல்னுதானே சொன்னாரு. அப்புறம் இன்னாங்க?"

"தெரியல. முடியல."

"எனக்கு மட்டும் முடியுதா? காலையில இருந்து குந்திக்கினு அடிச்சி முதுகு வுட்டுப் போச்சி. யாராண்ட போய்ச் சொல்றது? தனியா இருந்துக்கினு அதையே நெனச்சினு இருக்காதீங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்கும் முதுகு வலித்ததுதான். அதற்குப் பிறகு அவள் "உடம்பு எப்புடி கீது?" என்று கேட்கும்போதெல்லாம் "பரவாயில்ல" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அந்தச் சொல் ஒன்று போதுமாக இருந்தது. அடுத்த பேச்சு மகளுடைய டியூஷனுக்குப் போய்விடும். லீவுக்குப் போனால் நாள் பூராவும் தூங்கினேன். மகள் பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுப் போவாள். நான் வந்துவிட்டுப் போனதில் அவர்கள் பார்த்தது என் தூக்கத்தை மட்டும்தான் இருக்கும். ஒரு கட்டத்தில், அலைச்சலாக இருக்கிறது என்று சொல்லி ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் போக ஆரம்பித்தேன். அவர்கள் வற்புறுத்தவில்லை.

கேபினில் தனியாக இருப்பது முன்பெல்லாம் எனக்குப் பிடித்த விஷயம். ஏணி ஏறிக் கதவைச் சாத்திவிட்டால் மேனேஜரும் இல்லை, யூனியனும் இல்லை. கீழே ஹெல்மெட்டுகள் மட்டும் நகரும். நடையைப் பார்த்தே யார் என்று சொல்லிவிடுவேன். இப்போது அதே கேபினில் உட்கார்ந்திருந்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது எல்லாம் எங்கோ தூரத்தில் நடப்பதுபோல் இருந்தது. கீழே யாராவது கையசைத்தால் எனக்குத்தானா என்று ஒரு கணம் யோசித்தேன்.

லாரி விஷயம் நடந்தது பகல் ஷிப்டில்.

கம்பி ஏற்ற வந்த டிரெய்லர் லாரி நின்றிருந்தது. அதன் மேல் லோடிங் ஆள் ஒருவர், கட்டு இறங்கும் இடத்தில் மரக்கட்டைகளைச் சரியாக வைத்துக்கொண்டிருந்தார். நான் கம்பிக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன். லாரிக்குப் பக்கத்தில் நின்று சிக்னல்காரர் உள்ளங்கையை நேராகத் தூக்கினார். நிறுத்து.

நான் அதைப் பார்த்தேன். நிறுத்த வேண்டும் என்பது புரிந்தது. கை கைப்பிடியின் மேல்தான் இருந்தது. ஆனால் கை அசையவில்லை. அசையச் சொல்லி நான் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு அசைந்தது. கிரேன் நின்றது. கட்டு முன்னும் பின்னுமாக ஆடியது. அதன் முனை, லோடிங் ஆள் குனிந்திருந்த இடத்துக்கு மேலே போய் வந்தது. அதற்குள் அவர் அடுத்த கட்டையை எடுக்கத் திரும்பியிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை. சிக்னல்காரர் கட்டின் ஆட்டம் அடங்கும்வரை நின்றுவிட்டு, இறக்கு என்று காட்டினார். இறக்கினேன். லாரி முழுக்க ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

எதுவும் நடக்கவில்லை. ஆனால் சாப்பாட்டு மணி அடித்தும் என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

சாப்பாட்டு நேரம் முடியும் முன்பே இறங்கிப் போய் ஷிப்ட் இன்ஜினியரைப் பார்த்தேன். சின்னப் பையன்தான், நல்லவன். என்னை அண்ணா என்பான்.

"சார், நான் இனிமே கிரேன் ஏறல. வேற வேலை குடுங்க."

"ஏண்ணா? என்ன ஆச்சு?"

நடந்ததைச் சொன்னேன். அவன் கவனமாகக் கேட்டான்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"ஆகல. ஆகி இருக்கும்."

"அண்ணா, உங்க மெடிக்கல் செக்கப் போன மாசம்தானே முடிஞ்சுது? கண்ணு சரியா இருக்கு, பிரஷர் சரியா இருக்கு. தைராய்டும் நார்மல்னு நீங்களே சொன்னீங்க. நான் என்ன காரணம் எழுதறது?"

"கை லேட்டா போவுது, சார். அத்த எழுதுங்க."

"அதுக்கு டாக்டர் எழுதித் தரணும்ணா."

டாக்டர் எழுதித் தரமாட்டார். அவரிடமும் போய்க் கேட்டுப் பார்த்தேன். தாளைத் திருப்பி என் பக்கம் வைத்து, எல்லாம் சரியாக இருக்கும்போது முடியாது என்று எப்படி எழுதுவது என்று கேட்டார். அவர் கேள்வியும் நியாயம்தான். ஆக, நான் முடியாதவன் என்று சொல்வதற்கு உலகத்திலேயே நான் ஒருவன்தான் இருந்தேன். நல்லா இருக்கும் ஆளை இழுத்துக் கீழே தள்ளுவதுபோல் என்னை நானே தள்ள வேண்டியிருந்தது.

மறுநாள் ஏணியடியில் போய் நின்றுகொண்டு ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஷிப்ட் கொஞ்ச நேரம் நின்றது. வேறொரு ஆபரேட்டரை ஓவர்டைம் போட்டுக் கூப்பிட்டார்கள். ஆபீசுக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். சுகமான வேலை தேடுகிறான் என்றார்கள். குடிக்கிறான், அதான் கை நடுங்குது என்று யாரோ சொன்னதாகக் காதில் விழுந்தது. நான் தீபாவளிக்குக்கூடத் தொட்டவன் இல்லை. கடைசியில் அந்த இன்ஜினியர் பையன்தான், என்னைக் கட்டாயப்படுத்தி ஏற்றினால் பிறகு எது நடந்தாலும் தன் தலையில்தான் விழும் என்று எடுத்துச் சொல்லி, என்னை எடை மேடைக்கு மாற்ற வைத்தான். லோடு ஏறிய லாரியும் காலி லாரியும் ஏறி இறங்கும் மேடை. ஓரத்தில் சின்ன அறை, ஜன்னல், கம்ப்யூட்டர். எண்ணைப் பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். கை லேட்டாகப் போனாலும் அங்கே யாருக்கும் அடிபடாது.

சிக்னல்காரர் ஒரு வாரம் என் பக்கமே வரவில்லை. கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் டீ நேரத்தில் இரண்டு கிளாஸோடு எடை மேடை ஜன்னலுக்கு வந்தார். அத்தனை வருஷத்தில் நாங்கள் எதிர் எதிரே நின்று டீ குடித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அவருடைய ஒரு கண்ணின் ஓரத்தில் பழைய தழும்பு ஒன்று இருந்தது. மேலேயிருந்து பார்த்தவனுக்கு அது எப்படித் தெரியும்?

"அன்னிக்கி லாரியாண்ட ஆனதாலதான் இறங்கிட்டியா?" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமாண்ணா?"

"தெரியாம? ரொம்ப நாளாவே உன் கை லேட்டா வருது. அதான் நான் முன்னாடியே கையத் தூக்கிக்கினு இருந்தேன். அன்னிக்கும் முன்னாடிதான் தூக்கினேன். அப்புடியும் நீ லேட்டு."

மாதக் கணக்கில் யாரும் நம்பாத ஒன்றை ஒருவர் தினமும் பார்த்திருக்கிறார். பார்த்து, அதற்கு ஏற்றபடி தன் கையை மாற்றிக்கொண்டிருக்கிறார். கேபினில் தனியாக இருக்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அத்தனை நாளும்.

"அப்பவே சொல்லி இருக்கலாமேண்ணா."

அவர் டீயை ஊதினார். "சொன்னா நீ இறங்கிப் பூடுவ. புதுசா வர்றவன் கை எப்புடிப் போகும்னு எனக்குத் தெரியாது. எனக்கும் இன்னும் கொஞ்ச வருசந்தான் சர்வீஸ் கீது. அத்தினி நாளும் சமாளிச்சிக்கலாம்னு பார்த்தேன்." கொஞ்சம் நிறுத்தி, "நீ இறங்கினது நல்லதுதான். எனக்குத்தான் பேஜாராப் போச்சி" என்றார்.

கிளாஸை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்று முழுக்க எனக்கு ஒரு பக்கம் ஆறுதலாகவும் ஒரு பக்கம் பயமாகவும் இருந்தது. அவர் சொல்லியிருந்தால் எனக்குப் பைத்தியம் இல்லை என்பதாவது தெரிந்திருக்கும். அவரிடம் நான் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். இருவருக்கும் வாய் இருந்தும் கையால் மட்டுமே பேசிப் பழகிவிட்டோம்.

அவர் சொன்னது கொடுத்த தைரியத்தில் திருவள்ளூரில் வேறொரு டாக்டரைப் பார்க்கப் போனேன். ஐம்பது வயதுப் பெண் டாக்டர். ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, "நீங்க சொல்லுங்க" என்றார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் சீப்பு மறந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழித்து டீ குடிக்கிறீர்கள் என்று கேட்டார். கூடவே குடித்துவிடுவேன் என்று சொன்னேன். ஆறு மணி ஷிப்டுக்கு ஓடுகிறவனுக்கு வேறு எப்படி? வயிற்று எரிச்சலுக்கு வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்றார். ஒரு மாத்திரை உண்டு, அதையும் அதே நேரத்தில்தான் போடுவேன் என்றேன். குறட்டை, தூக்கம், சாப்பாடு, மனசு எல்லாம் கேட்டார். மனசு என்று கேட்டபோது நான் ஜன்னலைப் பார்த்தேன். அவர் காத்திருந்தார்.

"பேச ஆள் இல்ல மேடம்" என்றேன். அது ஒரு நோய் அறிகுறி இல்லை என்று தெரியும். வாயில் அதுதான் வந்தது.

வேறு சில ரத்தப் பரிசோதனைகள் எழுதிக் கொடுத்தார். ரத்தம் கொஞ்சம் குறைவாக இருந்தது. பி பன்னிரண்டு என்ற விட்டமின் ரொம்பவே குறைவு. அதற்கு ஊசி போட்டார்கள். தைராய்டு மாத்திரையைத் தண்ணீரோடு மட்டும் போட்டு, ஒரு மணி நேரம் கழித்துத்தான் டீயும் நாஷ்டாவும், வயிற்று மாத்திரை அதைவிடத் தள்ளி என்று நேரம் பிரித்துக் கொடுத்தார். அளவையும் சற்று மாற்றினார்.

"இதுல கொஞ்சம் சரியாகும்" என்றார். "முழுக்கப் பழையபடி ஆயிடும்னு நான் சொல்ல மாட்டேன். சில பேருக்கு ரிப்போர்ட் சரியாகிடும், உடம்பு சரியாகாது. ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியல. நீங்க கற்பனை பண்ணல. அது மட்டும் நிச்சயம்."

வெளியே வந்து ஆஸ்பத்திரி வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று புரியவில்லை. ஸ்டேஷனிலிருந்து சென்னைக்குப் போகும் மின்சார ரயில் சத்தம் கேட்டது. கண் நிறைந்துவிட்டது. கைக்குட்டை எடுக்கவில்லை, புறங்கையால் துடைத்துக்கொண்டேன்.

கொஞ்சம் சரியானது உண்மை. வார்த்தைகள் பெரும்பாலும் வந்து சேர்ந்தன. குரக்களி குறைந்தது. குளிர் குறையவில்லை. அசதி போகவில்லை, ஆனால் அதனோடு எப்படி நடந்துகொள்வது என்று கற்றுக்கொண்டேன். துணி துவைக்கிற அன்று சமைப்பதில்லை. காய்கறி வாங்கப் போகிற அன்று துவைப்பதில்லை. நல்லா இருக்கிற நாளில் எல்லா வேலையையும் செய்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துக் கிடக்கும் பழக்கத்தை விட்டேன். சாயங்காலம் சர்வீஸ் ரோட்டில் மெதுவாக நடந்துவிட்டு வருவேன். கன்டெய்னர் லாரிகள் பக்கத்தில் போகும்போது காற்று என்னை ஓரமாகத் தள்ளும். ஷிப்ட் முடிந்து தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து வரும் கம்பெனி பஸ்களில் வேலைக்குப் போன பிள்ளைகள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு போவார்கள். இருபது வயதில் வரும் அசதி. இறங்கி ஒரு டீ குடித்தால் போய்விடும்.

போன கோடை லீவில் மனைவி நாலு நாள் புதுவாயலில் வந்து இருந்தாள். மகள் தன் சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். அந்த அறையில் நாங்கள் இருவரும் அத்தனை நாள் சேர்ந்து இருந்தது அதற்கு முன்பு இல்லை. அவளுக்காக நான் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை, மாற்றிக்கொள்ளத் தெம்பும் இல்லை. காலையில் எழுந்து மாத்திரை போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவள் பாயில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். குளித்துவிட்டு வந்து துண்டோடு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு சாக்ஸ் போட்டுவிட்டு நிறுத்தி, பிறகு இன்னொன்றைப் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் நடுவில் அவள் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. மறுநாளும் அப்படியே பார்த்தாள்.

மூன்றாவது நாள் நான் சட்டையை எடுத்தபோது எழுந்து வந்து, பட்டன்களைப் போட்டுவிட்டாள். கல்யாணம் ஆன புதிதில்கூட அவள் அப்படிச் செய்ததில்லை.

"கை இன்னாங்க இப்புடி ஜில்லுனு கீது?" என்றாள்.

"எப்பவும் அப்புடித்தான்."

அவள் என் விரல்களைத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்தாள். டைப் அடித்து அடித்து அவள் விரல் நுனிகள் தடித்திருந்தன.

ஊருக்குக் கிளம்பின அன்று பஸ் நிறுத்தத்தில் நின்றபோதுதான் சொன்னாள். "போன்ல நீங்க பரவாயில்லன்னு சொல்லிக்கினே இருந்தீங்க. நானும் அத்தயே நெனச்சிக்கினேன்."

"நீயும் முதுகு வலின்னு சொன்ன."

"சொன்னேன்." கொஞ்சம் யோசித்தாள். "அது இன்னும் வலிக்குதுங்க."

பஸ் வந்தது. ஜன்னலோரத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. மகளுக்கு வாங்கி வைத்திருந்த கொய்யாப் பழப் பையை எடுத்துக் கொடுத்தேன். உள்ளே இருந்து கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுகிறேன் என்றாள். பஸ் திரும்பி மறைந்ததும் அறைக்கு வந்தேன். அவள் மடித்து வைத்த பாய் சுவரோரமாக நின்றிருந்தது. மாடி ஏறி வந்ததில் கால் கனத்தது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தேன். கீழே கடையில் யாரோ இரும்புக் குழாயை அளந்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்திலேயே தூங்கிப்போனேன்.